கெமிஸ்ரி சோதினைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தது

போன யூன் மாதம் ஒருநாள் பின்னேரம், நான் வேலை செய்யும் ரெஸ்ரோரன்றின் பின்கதவால் வெங்காய மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். பின் ஒழுங்கையில் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஏலெவல் கெமிஸ்ரி கடைசிப் பத்திரம் எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. சமநிலை வலப்பக்கம் போகுமா இடப்பக்கம் போகுமா என்று இரண்டு பேர் சண்டை. ஒரு பெட்டை போனில் யாரோ போட்டுவிட்ட விடைகளை வாசிக்க, இன்னொருத்தி காதைப் பொத்திக்கொண்டு "எனக்குச் சொல்லாதே" என்று கத்தினாள். ஒரு பெடியன் மட்டும் ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்ந்து நின்றான். அவனைப் பார்க்க எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

வெங்காயத்தை உரிக்கும்போதும் அதே நினைவுதான். 2003 ஆம் ஆண்டு நானும் இப்படித்தான் ஒரு கெமிஸ்ரி சோதினைக்குப் பிறகு விடை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதைப்பற்றி இத்தனை வருசமாக எழுதாமலே விட்டிருந்தேன். எழுதினால் தரப்படுத்தலைப் பற்றி எழுதவேண்டி வரும். தரப்படுத்தலைப் பற்றி எழுதினால், எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்லுகிற ஒரு வசனத்தோடு நான் கொஞ்சம் முரண்படவேண்டி வரும். பரவாயில்லை, எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பரந்தன் பக்கம். பரந்தன் என்றால் பழைய ஆட்களுக்கு இரசாயனத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனையிறவு உப்பிலிருந்து கடுஞ்சோடாவும் குளோரினும் எடுத்த அரசாங்கத் தொழிற்சாலை அது. எண்பதுகளில் சண்டை தொடங்கியபின் நின்றுபோனது. நான் படித்த காலத்தில் அது துருவும் இடிந்த சுவரும்தான். உயர்தர இரசாயனவியலில் கடுஞ்சோடா உற்பத்தி ஒரு பாடம். உப்புக்கரைசலை மின்பகுத்தால் அனோட்டில் குளோரின் வரும், கதோட்டில் ஐதரசன் வரும் என்று கொட்டிலுக்குள் இருந்து பாடமாக்குவோம். அதைச் செய்த இடம் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் செத்துப்போய்க் கிடந்தது.

1996 இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் போனோம். 1998 இல் புலிகள் திரும்பப் பிடித்தபிறகும் உடனே வந்து இருக்கிற நிலைமை இல்லை. ஊரில் மிச்சமிருந்த பள்ளிக்கூடக் கட்டிடங்களுக்குக் கூரை இல்லை. பொருளாதாரத் தடைக் காலம். சீமெந்து, பசளை, பற்றரி, எரிபொருள் ஒன்றும் ஒழுங்காக வராது. இந்த நிலையில் ஆய்வுகூடத்துக்கு வெள்ளி நைத்திரேற்று எங்கிருந்து வரும்? செய்முறை என்பது எங்களுக்குக் கொப்பியில் எழுதுகிற ஒரு விசயம். வீழ்படிவுகளின் நிறங்களைச் சமய பாடத்தில் நாயன்மார் பெயர் பாடமாக்குகிற மாதிரிப் பாடமாக்கினோம். வெள்ளி குளோரைட்டு வெள்ளை. வெள்ளி புரோமைட்டு இளமஞ்சள். வெள்ளி அயடைட்டு மஞ்சள். இளமஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அதோடு எங்கள் உலகம் திடீரென்று பெரிதாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீடு. லீவு நாட்களில் அங்கே நின்று ரியூசனுக்குப் போனேன். நூறு பேருக்கு மேலே ஒரே கொட்டிலில் இருந்து படிக்கிற ரியூசன். பக்கத்து வாங்கில் இருந்தவன்தான் இந்தக் கதையில் வருகிற நண்பன். பேர் போடவில்லை, அவனுக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவன். கெட்டிக்காரன், ஆனால் கெட்டித்தனத்தைக் காட்டாதவன். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை: பொறியியல்.

அடுத்த வருசம் அவன் யாழ்ப்பாணத்தில் எழுதினான், நான் கிளிநொச்சியில் எழுதினேன். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் சோதினையை நடத்தியது இலங்கைப் பரீட்சைத் திணைக்களம்தான். அதே வினாத்தாள், அதே நேரம், அதே மணி. எனக்குக் கடைசியாக வந்தது இரசாயனவியல் இரண்டாம் பத்திரம். அந்த வினாத்தாளில் ஏ பகுதி அமைப்புக் கட்டுரை. அதிலேயே விடை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பீ, சீ பகுதிகளை மட்டும் மண்டபத்துக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். நான் அந்த இரண்டு பகுதியையும் நாலாய் மடித்துச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, அடுத்தநாள் காலமை யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன்.

முகமாலையில் இறங்கிச் சோதனை. ஆமிக்காரன் ஒருவன் மடித்த தாளை விரித்துப் பார்த்தான். பென்சிலால் கிறுக்கின சமன்பாடுகள், அம்புக்குறிகள், எண்கள். என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். நான் "ஏலெவல், கெமிஸ்ரி" என்றேன். பக்கத்தில் நின்ற இன்னொருவன் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்கள். அவர்களுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும்.

பின்னேரம் நண்பன் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அவன் அம்மா தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தா. பீ, சீ பகுதிகளைத் தாளைப் பார்த்தே ஒப்பிட்டோம். ஏ பகுதியை ஞாபகத்திலிருந்து. அதில் ஒரு உப்பின் அன்னயனைக் கண்டுபிடிக்கிற பகுதி. வெள்ளி நைத்திரேற்று விட்டால் மஞ்சள் வீழ்படிவு, அது அமோனியாவில் என்ன செய்தது என்கிற மாதிரி.

"என்ன போட்டனீ?" என்றான்.

"புரோமைட்டு."

"மச்சான், செறிந்த அமோனியாவிலையும் கரையேல்லை எண்டெல்லே கிடந்தது. அது அயடைட்டு. புரோமைட்டு எண்டால் செறிஞ்சதிலை கரைஞ்சிருக்கும். நிறமும் அப்பிடி மஞ்சளாய் வராது. பால்லை ஒரு துளி மஞ்சள் விட்ட மாதிரித்தான் வரும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கடை லாபிலை சேர் ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை செய்து காட்டினவர். நீ லாபிலை பாக்கேல்லையோ?"

"எங்கடை லாபுக்குக் கூரை இல்லை."

அவன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அன்னயன் பிழைத்தால் அதைத் தொடர்ந்து வருகிற இரண்டு மூன்று சின்ன வினாவும் பிழைக்கும். கடுஞ்சோடாவைப் பற்றி வந்ததை மட்டும் நான் நல்லாய் எழுதியிருந்தேன். கடைசியில் அவன் ஒரு பழைய கொப்பி மட்டையில் கூட்டிப் பார்த்தான். கெமிஸ்ரியில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு புள்ளி கூட வரும் அவனுக்கு. மற்றப் பாடங்களிலும் அவன்தான் கூட. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் சந்தேகமே இருக்கவில்லை.

பெறுபேறு வந்தது. அவன் கணக்குச் சரி. அவனுடைய இசட் புள்ளி என்னுடையதைவிடக் கூட. பிறகு வெட்டுப்புள்ளி வந்தது. பொறியியலுக்கு நான் தெரிவானேன். அவன் தெரிவாகவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, கிளிநொச்சி மாவட்டத்துக்கு வேறொரு வெட்டுப்புள்ளி.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். ஏனென்றால் அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளும் வானத்திலிருந்து விழவில்லை.

எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற வசனம் இதுதான்: "எங்கடை பிள்ளையள் கெட்டிக்காரர், சிங்களவன் தரப்படுத்தலைக் கொண்டுவந்து தடுத்தான், அதாலைதான் சண்டை வந்தது." இந்த வசனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு சாமான்களைப் போட்டுக் கட்டியிருக்கிறோம்.

முதலாவது சாமான் மொழிவாரித் தரப்படுத்தல். 1970 மே மாதம் சிறிமாவோ அரசாங்கம் வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அறுபதுகளின் கடைசியில் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் எடுபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழர். 1971 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் சனத்தொகையில் 11.2 சதவீதம், இந்தியத் தமிழர் 9.3 சதவீதம். இது தெற்கில் பெரிய மனக்குறையாக இருந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளிப் போடுகிறார்கள் என்று கதை பரவியது. விசாரித்தார்கள். குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1971 அனுமதியில் இரண்டு மொழிக்கும் இரண்டு வெட்டுப்புள்ளி போட்டார்கள். அப்போது நாலு பாடம், மொத்தம் 400 புள்ளி. பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்ப் பிள்ளை 250 எடுக்கவேண்டும், சிங்களப் பிள்ளை 227 எடுத்தால் காணும். மருத்துவத்துக்கு 250, 229. கட்டுபெத்தைப் பொறியியலுக்கு 232, 212.

இந்த எண்களைச் சோதினை எழுதியவன் கண்ணால் பாருங்கள். 250 க்கும் 227 க்கும் 23 புள்ளி வித்தியாசம். நாலு பாடத்துக்கும் பிரித்தால் ஒரு பாடத்துக்கு ஆறு புள்ளி அளவில் வரும். அதாவது ஒரே வினாத்தாளுக்கு ஒரே விடையை எழுதிவிட்டு, மண்டபத்துக்கு வெளியே வந்து ஒரு தமிழ்ப் பெடியனும் ஒரு சிங்களப் பெடியனும் விடையை ஒப்பிட்டிருந்தால் எல்லாம் பொருந்தியிருக்கும். ஆனால் ஒருவன் உள்ளே, மற்றவன் வெளியே. ஆங்கிலத்தில் சோதினை எழுதிய பிள்ளைகளுக்கும் இதே இரட்டை வெட்டுப்புள்ளிதான். ஒரே மொழியில் எழுதினாலும் நீ தமிழனா சிங்களவனா என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு "மொழி மூலம் திருத்துகிற விதத்தில் வித்தியாசம் வரும், அதைச் சமப்படுத்துகிறோம்" என்ற சாட்டுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. இது வெறும் இனப் பாகுபாடு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அடுத்து வந்த முறையில் ஒவ்வொரு மொழியிலும் சோதினைக்குத் தோற்றியவர்களின் விகிதத்துக்கு ஏற்றமாதிரித் தேறுகிறவர்கள் வரும்படி புள்ளியையே மாற்றினார்கள். இளைஞர்கள் மத்தியில் என்ன நடந்தது என்று நீங்கள் அறிவீர்கள். 1970 இலேயே தமிழ் மாணவர் பேரவை உருவாகிவிட்டது. 1974 யூன் 5 ஆம் திகதி உரும்பிராய் பொன். சிவகுமாரன் பொலிசிடம் பிடிபடும் நேரத்தில் சயனைட் அருந்தி இறந்தார். அப்போது அவருக்கு வயது 23. தரப்படுத்தல் மட்டும் போரைக் கொண்டுவரவில்லை. 1956 தனிச் சிங்களச் சட்டம் இருந்தது, 1958 கலவரம் இருந்தது, 1972 அரசியல் யாப்பு இருந்தது. ஆனால் படித்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு, "நீ எவ்வளவு படிச்சாலும் உன்ரை புள்ளி புள்ளி இல்லை" என்று எண்ணிலே எழுதிக் காட்டியது அந்த 23 தான்.

இரண்டாவது சாமான் மாவட்ட ஒதுக்கீடு. இது 1974 இல் வந்தது. சனத்தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடம். மொழிவாரித் தரப்படுத்தலுக்கு மேலே இதையும் ஏற்றினார்கள். விளைவு பயங்கரம். பொறியியலில் தமிழர் பங்கு 1973 இல் 24.4 சதவீதமாக இருந்தது, 1974 இல் 16.3 சதவீதமாக விழுந்தது. மருத்துவத்தில் 36.9 இலிருந்து 25.9 க்கு. இதில் அடிபட்ட மாவட்டங்கள் இரண்டு: யாழ்ப்பாணமும் கொழும்பும். கொழும்புச் சிங்களப் பிள்ளைகளும் இழந்தார்கள் என்பதை நாங்கள் சொல்லுவதில்லை. அதேநேரம் அவர்கள் இழந்ததை மற்றச் சிங்கள மாவட்டங்கள் பெற்றன, யாழ்ப்பாணம் இழந்ததை மற்றத் தமிழ் மாவட்டங்கள் அவ்வளவாகப் பெறவில்லை என்பதும் உண்மை. ஏனென்றால் வன்னியிலும் மன்னாரிலும் அப்போது விஞ்ஞானப் பிரிவில் படிப்பிக்கிற பள்ளிக்கூடங்களே அருமை. இடம் இருந்தாலும் போவதற்குப் பிள்ளை இல்லை.

இங்கேதான் எங்கள் வசனத்தில் உள்ள "எங்கடை பிள்ளையள் கெட்டிக்காரர்" என்ற துண்டைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அறுபதுகளில் கெமிஸ்ரியில் வெளுத்து வாங்கியதற்கு மூளை மட்டும் காரணமில்லை. அமெரிக்க மிசன் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி. 1847 இல் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் அடுத்த வருசமே வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். 1864 இலிருந்து அதைத் தமிழிலேயே படிப்பித்தார். இரசாயனத்துக்கு "கெமிஸ்தம்" என்ற தமிழ்ப் புத்தகம் 1875 இலேயே அச்சாகிவிட்டது. மிசனோடு போட்டிபோட்டுச் சைவப் பள்ளிக்கூடங்களும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுகூடம், நூல்நிலையம், பழைய மாணவர் சங்கம். மொழிவாரி வெட்டுப்புள்ளி வந்த நேரம் யாழ்ப்பாணத்துக்குத் தமிழில் கெமிஸ்ரி படிக்கத் தொடங்கி நூறு வருசம்.

அந்த நூறு வருசமும் வன்னியில் காடும் மலேரியாவும். குடியேற்றத் திட்டங்கள் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் சனம் நிறைந்தது. பிறகு 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வந்து காடு வெட்டி இருந்தன. என் வகுப்பில் கனபேர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களை யாழ்ப்பாணத்தார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விசயம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முதல் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு மூலை. அதாவது 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது, பரந்தனில் இருந்த ஒரு பிள்ளை நண்பன் படித்த மாதிரிப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடுதான் போட்டிபோட வேண்டும். என் அப்பாவின் வயதுக்காரர் எத்தனை பேர் அந்தப் போட்டிக்கே போகாமல் வயலுக்குப் போனார்கள் என்று ஒருவரும் எண்ணவில்லை. தரப்படுத்தலால் இழந்தவர்களின் கதை எங்களிடம் நிறைய இருக்கிறது, ஏனென்றால் இழந்தவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். முதலிலேயே இல்லாதவர்களின் கதையை எழுத ஆளில்லை.

1977 இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் போய்விட்டது. மாவட்டம் நின்றுவிட்டது. ஒருகட்டத்தில் 30 சதவீதம் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 15 பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இருந்தது. இப்போது 40, 55, 5. 2001 இலிருந்து இசட் புள்ளி. பேராதனைப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் தட்டில் கொண்டுவந்த முறை. ஒரு பாடத்தில் நீ எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று பார்ப்பது. அதுவும் ஒருமுறை குழம்பியது: 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒன்றாய்ப் போட்டுக் கணக்குப் பார்க்க, 2012 இல் உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பிரித்துக் கணக்கிடச் சொன்னது. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எல்லாம் இருக்கின்றன. இப்போதைய பட்டியலில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் "கூட எடுத்துவிட்டார்கள்" என்று வெட்டப்பட்ட மாவட்டம் இப்போது பின்தங்கிய மாவட்டம். போர் செய்த வேலை.

இந்த நாட்டுக் கதையையும் ஒன்று சொல்லவேண்டும். 2020 இல் கொரோனாவால் இங்கிலாந்தில் ஏலெவல் சோதினை நடக்கவில்லை. அந்த வருசம் ஒப்பிட்டுப் பார்க்க விடையே இல்லை. ஆசிரியர்கள் போட்ட மதிப்பீட்டைக் கொம்பியூட்டர் ஒன்று பள்ளிக்கூடத்தின் பழைய பெறுபேறுகளோடு வைத்துத் திருத்தியது. ஓகஸ்ட் 13 ஆம் திகதி பெறுபேறு வர, ஏறக்குறைய 40 சதவீதமான மதிப்பீடுகள் குறைக்கப்பட்டிருந்தன. சின்ன வகுப்புகள் உள்ள தனியார் பள்ளிக்கூடங்கள் தப்பின, பெரிய அரசாங்கப் பள்ளிக்கூடத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகள் அடிபட்டார்கள். பிள்ளைகள் தெருவில் இறங்க, ஓகஸ்ட் 17 இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. அந்த முறைக்கு அவர்கள் வைத்த பேர் என்ன தெரியுமா? ஸ்ராண்டடைசேஷன். அதேதான், தரப்படுத்தல். எங்கள் கடை அண்ணா ஒருவர் ரேடியோவில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "இஞ்சையும் வந்திட்டான்ரா" என்றார்.

நாலு நாளில் பிழையை ஒத்துக்கொண்ட நாட்டையும், வருசக்கணக்காக ஒத்துக்கொள்ளாத நாட்டையும் நான் ஒப்பிட வரவில்லை. ஆனால் இதே இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்கள் வசதி குறைந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த பெறுபேற்றுடன் இடம் கொடுக்கின்றன. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் கனபேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அதை நாங்கள் அநியாயம் என்று சொல்லுவதில்லை. கூரை இல்லாத லாபில் படித்தவனுக்கும் கூரை உள்ள லாபில் படித்தவனுக்கும் ஒரே கோடு போடாமல் விடுவது ஒரு விசயம். நீ இன்ன இனம், ஆகவே உனக்குக் கோடு உயரத்தில் என்பது வேறு விசயம். இரண்டையும் ஒரே பேரால் கூப்பிட்டு ஒரே பெட்டியில் போட்டதால், எங்கள் பக்கத்துக்குள்ளேயே இருந்த பள்ளத்தை நாங்கள் பார்க்காமல் விட்டோம். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

சொல்லிவிட்டேன். ஆனால் இது எனக்கு லேசான கருத்து இல்லை. ஏனென்றால் அந்தக் கோட்டால் உள்ளே போனவன் நான்.

தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்தேன். மூன்றாம் வருசம் வரைக்கும். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடியது. வீட்டார் வன்னிக்குள். 2008 இல் தெற்கில் எங்கள் பெடியளைக் கேள்வி இல்லாமல் பிடித்துக்கொண்டு போன காலம். என்னோடு அறையில் இருந்த ஒருவனைக் கொண்டுபோன கிழமை நான் படிப்பை விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். கிளிநொச்சிக்கு அந்த வருசம் பொறியியலுக்குக் கிடைத்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று என்னோடு விமானம் ஏறி, இப்போது வெங்காயம் உரிக்கிறது.

நண்பன் இரண்டாம் முறை எழுதினான். அப்போதும் பொறியியல் கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானபீடம் போனான். போருக்குப் பிறகு ஆசிரிய நியமனம் வந்தது. எங்கே தெரியுமா? கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். கெமிஸ்ரி. இன்றைக்கும் அங்கேதான்.

அந்த ஒழுங்கைப் பிள்ளைகளைப் பார்த்த அன்றிரவு வேலை முடிந்து அவனுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடியப்போகிற நேரம், அவன் எழும்பியிருப்பான். இருபது வருசமாய்க் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "அண்டைக்கு உனக்கு என்னிலை கோவம் வரேல்லையா?"

கொஞ்சநேரம் பேசவில்லை.

"வந்தது. வரேல்லை எண்டு சொன்னால் பொய். ரெண்டு வருசம் இருந்தது. பிறகு இஞ்சை படிப்பிக்க வந்த முதல் கிழமை லாப் திறப்பைக் கேட்டன். அதிபர் சிரிச்சார். திறப்பு இருக்கு தம்பி, லாப் தான் இல்லை எண்டார். அண்டைக்கு உன்ரை புரோமைட்டு ஞாபகம் வந்தது. கோவம் போட்டுது."

இப்போது லாப் இருக்கிறதாம். வெளிநாட்டிலிருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு வருசமும் மூன்று குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு மூன்றையும் செய்து காட்டுவானாம்.

"எங்கடை பிள்ளையள் இப்ப கண்ணாலை பாத்திட்டுத்தான் சோதினைக்குப் போகினம்" என்றான். எங்கடை பிள்ளையள் என்று அவன் சொன்னது பரந்தன் பிள்ளைகளை.

போனை வைக்கப்போக, "ஒண்டு சொல்லட்டே, கோவிக்காதை" என்றான்.

"சொல்லு."

"நீ அதை முடிச்சிருக்கலாம் மச்சான்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.